எழுவாய் எங்கே?

மாணாக்கர் எழுதும் வாக்கியங்களில் வழுக்களைக் கண்டு சிவப்பு மையினாற் கோடிடுதல் எம் தொழில். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழு எழுவகைப்படும் என்பதைக் கீழைத்தேயக் கல்லூரியொன்றில் முப்பதாண்டுகளாக ஓதுவித்து வருகின்றேன். பிறர் வழுவைக் காண்பதிற் பழகிய கண்ணுக்குத் தன் வழு எளிதிற் புலப்படுவதில்லை. யான் இழைத்த பெரியதொரு வழுவை எனக்கு எடுத்துக்காட்டியவள், என்னிடம் இலக்கணம் பயின்ற மாணவி ஒருத்தியாவாள். இதனைப் பத்திரிகையில் எழுதுமாறு வேண்டியவளும் அவளே. பெயரையும் ஊரையும் மாத்திரம் விலக்கி எழுதுகின்றேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், தைப்பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் மாலையில் அவள் எங்கள் இல்லத்திற்கு வந்தாள். அப்போது பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டிற் பயின்றுகொண்டிருந்தாள். வகுப்பில் எவ்வினாவிற்கும் முந்திக்கொண்டு விடைகூறும் அப்பிள்ளை, அன்று விறாந்தையில் அமர்ந்து கையிலிருந்த தேநீர்க் கோப்பையையே நோக்கிக்கொண்டிருந்தாள். உடன்பயிலும் ஒருவனோடு இரண்டாண்டுகளாகப் பழகி வந்ததையும், படிப்பு முடிந்தபின் மணஞ்செய்துகொள்வதென இருவரும் உறுதிசெய்திருந்ததையும் கூறினாள். பின்னர், "அவன்ரை அறையிலை ஒருநாள், ஐயா..." என்று தொடங்கி நிறுத்தினாள். அவளுடைய கழுத்தோரத்தில் ஆறிவரும் கன்றலொன்று தெரிந்தது.

"நீர் ஏன் பிள்ளை அங்கை போனனீர்?" என்று கேட்டேன்.

கடிந்து கேட்டேனல்லேன், இரக்கத்தோடுதான் கேட்டேன். அவள் விடைகூறவில்லை. தேநீரைக் குடித்து முடித்தாள்; என் மனைவியிடம் சொல்லிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அதன்பின் ஏழாண்டுகள் எவரிடமும் அவள் அதுபற்றி வாய்திறக்கவில்லை என்பதைப் பின்னரே அறிந்தேன்.

அன்பின் பெயரால்

மணத்திற்கு முற்பட்ட காதலொழுக்கத்தைக் களவு என்றனர் நம் முன்னோர். இருவர் உள்ளமும் ஒத்தலே அன்பின் ஐந்திணைக்கு அடிப்படை. பெண்ணை வலிந்து கொள்ளும் இராக்கத மணத்தையும் இலக்கணநூலார் அறிந்திருந்தனர். ஆயினும் அதனை ஐந்திணையுள் வைத்தாரல்லர். ஒத்த அன்பு இல்லாதவிடத்துக் காதலென்னும் பெயர் பொருந்தாது என்னும் தெளிவு அவர்க்கிருந்தது. அத்தெளிவு நமக்கு உண்டோ என்பது ஐயம். வலிந்தவன் முன்பின் அறியாத கயவனாயின் அதனைக் குற்றம் என்கின்றோம். அவனே காதலனாயின், அவர்களுக்குள் ஏதோ பிணக்கு என்று கூறி அமைகின்றோம்.

மேனாட்டிலும் நெடுங்காலம் இவ்வாறே இருந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஜேம்ஸ் மேக்பீஸ் என்னும் சமூகவியலாளர் ஒரு கல்லூரியின் மாணவர் 202 பேரை வினாவி, 1981ஆம் ஆண்டிலே தம் ஆய்வை வெளியிட்டார். காதலித்துப் பழகும் காலத்து அடி, உதை, தள்ளுதல் போன்ற வன்முறையை நேரில் அனுபவித்தவர்கள் அவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் எனக் கண்டார். காதற்கால வன்முறையைத் தனிப்பொருளாகக் கொண்டு எழுந்த ஆய்வுகளுக்கு அது முன்னோடியாயிற்று. 1987ஆம் ஆண்டில் மேரி கொஸ் என்னும் உளவியலாளரும் அவர் துணைவரும் 32 உயர்கல்வி நிலையங்களில் 6,159 மாணவ மாணவியரிடம் நடத்திய ஆய்வின் முடிவுகள் வெளிவந்தன. பாலியல் வன்புணர்வுக்கு ஆளான மாணவியருள் நூற்றுக்கு 84 பேர் அதனைச் செய்தவனை முன்னரே அறிந்திருந்தனர். நூற்றுக்கு 57 பேருக்கு அது நேர்ந்தது காதற் சந்திப்பொன்றின்போதே. இருட்டிற் பதுங்கி நிற்கும் அந்நியனைக் குறித்தே மகளிரை எச்சரித்து வந்த சமுதாயத்திற்கு இவ்வெண்கள் பேரதிர்ச்சியாயின.

நமது நாட்டிலும் இது புதிதன்று. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019ஆம் ஆண்டில் நடத்திய பெண்கள் நலன் பற்றிய அளவீட்டின்படி, கணவனோ துணைவனோ உடையராயிருந்த பெண்களுள் ஐந்தில் ஒருவர், தம் வாழ்நாளில் அவனால் உடல்வழியாகவோ பாலியல்வழியாகவோ வன்முறைக்கு ஆளாகியிருந்தனர். ஆடவரும் இத்தகைய கொடுமைக்கு ஆளாதல் உண்டு. அவர்க்கும் இங்குக் கூறுவன பொருந்தும்.

அறிந்தவன் கையால் வரும் காயத்திற்குத் தனித்தன்மை ஒன்றுண்டு. அந்நியன் தாக்கினால் மனிதன் அந்நியனை அஞ்சுவான். அன்பன் தாக்கினாலோ, யாரை நம்பலாம் எனத் தெரிவுசெய்த தன் அறிவையே அஞ்சத் தொடங்குவான். அடித்த கையே மறுநாள் கண்ணீரைத் துடைப்பதும், "உன்மேல் வைத்த அன்பின் மிகுதியினாலேயே அடித்தேன்" என அவன் அழுவதும் இக்கொடுமையில் வழக்கம். எனவே, நிகழ்ந்ததற்கு இன்ன பெயரென்று அவளாலேயே கூறமுடிவதில்லை.

ஒரு தாதியும் ஒரு சமூகவியலாளரும்

பொஸ்ரன் நகரப் பொது வைத்தியசாலையில் 1972ஆம் ஆண்டு தொடங்கி ஓராண்டுக் காலம் இரு பெண்கள் அரியதொரு பணியைச் செய்தனர். ஒருவர் உளநலத் தாதியாகிய ஆன் பேர்ஜெஸ். மற்றவர் சமூகவியலாளராகிய லின்டா ஹோம்ஸ்ட்ரம். பாலியல் வன்முறைக்கு ஆளானவர் எவரேனும் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டால், எந்த வேளையாயினும் இவர்களுக்குத் தொலைபேசியிற் செய்தி வரும். உடனே புறப்பட்டுச் செல்வர். இவ்வாறு 146 பேரைச் சந்தித்து, அவர்கள் கூறியவற்றைக் கேட்டுக் குறித்தனர்; பின்னரும் அவர்களோடு தொடர்புகொண்டு நலம் வினாவினர். அவர்களுடைய கட்டுரை 1974இல் வெளிவந்தது.

அதில் ஆசிரியரும் பெற்றோரும் ஊன்றி நோக்கத்தக்க செய்தியொன்றுண்டு. முதற் சில மணி நேரங்களில் அப்பெண்களுள் ஏறத்தாழச் சரிபாதியினர் அழுதும் நடுங்கியும் தம் துயரை வெளிக்காட்டினர். எஞ்சியோர் யாதும் நிகழாதார் போல அமைதியாக இருந்தனர். அழாதவள் பொய்யுரைக்கின்றாள் என்று எண்ணிய உலகத்திற்கு இது விடையாயிற்று. எங்கள் விறாந்தையில் அமர்ந்து அமைதியாகத் தேநீர் குடித்த பிள்ளையை யான் இப்போது நினைவுகூர்கின்றேன். பெருந்துன்பம் ஏதேனும் உற்றிருந்தால் அழுதிருப்பாளே என அன்றிரவு மனைவியிடம் கூறியதும் நினைவுக்கு வருகின்றது.

காலவழு

"நேற்று வருவான்" என ஒரு மாணவன் எழுதினால் அது காலவழு. மனவடுவுற்றவர் உள்ளத்திலும் ஒருவகைக் காலவழு நிகழ்கின்றது. முடிந்துபோன நிகழ்ச்சி அவர்க்கு இறந்தகாலமாக அமைவதில்லை. மாடிப்படியிற் காலடியோசை கேட்டால், ஒரு சவர்க்காரத்தின் மணம் காற்றில் வந்தால், அந்நிகழ்ச்சி நினைவாக வாராது நிகழ்வாகவே வந்துவிடுகின்றது. நெஞ்சு படபடக்கின்றது, கை வியர்க்கின்றது, உடல் அந்த அறைக்கே மீண்டுவிடுகின்றது. இரவில் அதுவே கனவாகின்றது. அதனை அஞ்சி அவ்வோசையையும் அம்மணத்தையும் அவ்வீதியையும் விலக்கத் தொடங்குவர். விலக்க விலக்க வாழ்க்கை குறுகும்; அச்சம் பெருகும். உறக்கமின்மை, திடுக்கிடுதல், சினம், எவரிடத்தும் பற்றற்ற மரத்த நிலை ஆகியனவும் தொடரும்.

இந்நிலையை 1980ஆம் ஆண்டில் அமெரிக்க உளமருத்துவர் சங்கம் தன் நோய்வகைத் தொகுதியில் முறைப்படி சேர்த்தது. நம் நாட்டில் அதனை நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என வழங்குவர். வியற்னாம் போரிலிருந்து மீண்ட போர்வீரர்களின் துயரும் பேர்ஜெஸ் போன்றோர் கண்ட பெண்களின் துயரும் ஒரே பெயரின்கீழ் வந்தன. வன்முறைக்கு ஆளான அனைவர்க்கும் இந்நோய் வருவதன்று. காலமும் ஆதரவும் வாய்த்தால் பலர் தாமாகவே தேறுகின்றனர். தேறாது நிற்பவர்க்கே சிகிச்சை வேண்டப்படும்.

பிலடெல்பியாவில் எட்னா போவா என்னும் உளவியலாளர் வகுத்த சிகிச்சை இக்காலவழுவை நேரே எதிர்கொள்வது. அம்முறையை வேறு முறைகளோடு ஒப்பிட்டு, வன்புணர்வுக்கு ஆளான 45 பெண்களிடம் நடத்திய ஆய்வை அவர் 1991இல் வெளியிட்டார். சிகிச்சை பெறுபவள், பாதுகாப்பான ஓரறையில், பயிற்சிபெற்ற ஒருவர் அருகிருக்க, கண்களை மூடிக்கொண்டு நிகழ்ந்ததைத் தொடக்கமுதல் இறுதிவரை கூறுவாள். அதனை நிகழ்காலத்திற் கூறவேண்டும் என்பதே வியப்பு. "கதவைத் திறக்கின்றான், நான் எழுந்து நிற்கின்றேன்" என்றவாறு கூறுதல் வேண்டும். அவ்வுரை ஒலிப்பதிவு செய்யப்படும். வீட்டில் அதனைத் திரும்பத் திரும்பக் கேட்பாள். அதனோடு, அஞ்சி விலக்கிய வீதியையும் கடையையும், தீங்கற்றவை எனத் தெளிந்தபின், எளியது முதலாகப் படிப்படியாக அணுகுவாள்.

முதன்முறை கூறும்போது அச்சம் மலைபோல் எழும். ஆயினும் எழுந்த அச்சம் தானே தணிவதை அவள் காண்பாள். ஐந்தாம் முறையும் ஆறாம் முறையும் கூறும்போது அதன் கூர் மழுங்கும். நினைவு வேறு, நிகழ்ச்சி வேறு என்பதை உடல் அறியத் தொடங்கும். சிதறிக் கிடந்த ஓசையும் மணமும் காட்சியும் தொடக்கமும் முடிவும் உடைய ஒரு கதையாகக் கோவைப்படும். முடிவுடைய கதையே இறந்தகாலமாதற்கு உரியது. ஒரு காரணம்பற்றி ஒரு காலத்தை மற்றொரு காலத்தாற் கூறுதலைக் காலவழுவமைதி என இலக்கணநூலார் உடன்படுவர். துயரை ஆற்றுதற்கு அவ்வமைதி உதவும் என யான் எந்த உரைநூலிலும் கற்றதில்லை.

நான் என்னும் எழுவாய்

என் மாணவி பெற்ற சிகிச்சை வேறு. மேற்படிப்பிற்காகக் கனடா சென்றிருந்த காலத்தில், உறக்கமின்றி உடல் மெலிந்து, ஒரு வைத்தியரின் அறிவுரையால் உளவியலாளர் ஒருவரிடம் சென்றாள். அவர் கையாண்டது பற்றீசியா ரெசிக் என்பார் சென் லூயிஸ் நகரில் வகுத்த முறை. வன்புணர்வுக்கு ஆளான பெண்களுக்கென்றே தோன்றிய அம்முறைக்கான கைந்நூல் 1993இல் வெளிவந்தது. இதுவும் போவாவின் முறையும் 171 பெண்களிடம் ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டு, இரண்டும் பெரும் பயன் தருவன என 2002ஆம் ஆண்டிற் காட்டப்பட்டது. பன்னிரண்டு சந்திப்புகளில் இது நிறைவுறும்.

முதற் சந்திப்பின் முடிவிலே வீட்டுவேலை ஒன்று கொடுப்பர். இது ஏன் நிகழ்ந்தது என நீர் எண்ணுகின்றீர், இதனால் உம்மையும் பிறரையும் உலகையும் பற்றிய உம் எண்ணம் எவ்வாறு மாறிற்று என்பதை ஒரு பக்கம் எழுதிவருக என்பதே அது. அவள் அதனைத் தமிழிலேயே எழுதினாள். தமிழில் எழுதினால்தான் உண்மை வரும் என்று தோன்றிற்றாம். "அவன் அழைத்தபோது நான் போனேன். நான் அவனுக்குக் கோபமூட்டினேன். நான் உரத்துக் கத்தவில்லை. நான் முன்னமே விலகவில்லை." இவ்வாறு பதினொரு வாக்கியங்கள். மறுவாரம் அதனை ஆங்கிலத்தில் வாசித்துக்காட்டியபோது, உளவியலாளர் மெல்லக் கேட்டார்: "இதில் அவன் என்ன செய்தான்?"

தாளைப் பார்த்தாளாம். பதினொரு வாக்கியத்திற்கும் எழுவாய் "நான்". அடித்தவனுக்கு ஒரு வாக்கியத்திலும் எழுவாயாகும் இடம் இல்லை. "நீங்கள் படிப்பிச்ச எழுவாய் தேடுற பயிற்சிதான், ஐயா. அண்டைக்குத்தான் அது எனக்கு உதவினது" என்று கூறிச் சிரித்தாள்.

படர்க்கையில் நிற்கவேண்டிய வினையைத் தன்மையில் நிறுத்துதல் இடவழு. தன்மேற் குற்றத்தை ஏற்றிக்கொள்ளும் இவ்வழு மனவடுவின் ஆணிவேர் என்பது ரெசிக் போன்றோர் கண்ட உண்மை. இது ஏன் எழுகின்றது? நல்லார்க்கு நன்மையும் தீயார்க்குத் தீமையுமே வரும் எனச் சிறுவயது முதல் நம்பி வளர்கின்றோம். தீமை வந்துவிட்டால், நான் தவறு செய்திருக்கவேண்டும் என உள்ளம் கணக்கிடும். அக்கணக்கில் ஒரு கசப்பான ஆறுதலும் உண்டு. தவறு என்னுடையதாயின், அடுத்தமுறை திருத்திக்கொண்டு தப்பலாம். தவறு அவனுடையதாயின், எவ்வளவு திருத்தமாக நடந்தும் தப்பவியலாத தீமை உலகில் உண்டு என ஏற்கவேண்டிவரும். அது தாங்கற்கரியது.

"உன்மேற் குற்றமில்லை" என்று உளவியலாளர் உபதேசம் செய்வதில்லை. அத்தகைய உபதேசம் செவியிற் பட்டு நழுவிவிடும். அவர் வினாக்களையே தொடுப்பார். அவ்வறைக்குச் சென்றபோது என்ன நிகழுமென அறிந்து சென்றீரா? எதன்பொருட்டுச் சென்றீர்? ஒருவனைக் காணச் செல்லுதல், அவன் கைநீட்டுதற்கு இசைவு ஆகுமா? கத்தவில்லை என்கின்றீர், பேரச்சத்தில் உடல் உறைந்து நாவெழாது போதல் எல்லார்க்கும் இயல்பு என்பதை அறிவீரா? உம் தங்கைக்கு இது நேர்ந்திருப்பின் இவ்வாறே அவள்மீது குற்றஞ் சுமத்துவீரா? இவ்வாறு வினாவி வினாவி, விடையைத் தானே கண்டடையச் செய்தல் இம்முறை. பின்னைய சந்திப்புகளில் பாதுகாப்பு, நம்பிக்கை, ஆளுமை, மதிப்பு, நெருக்கம் என்னும் ஐந்தையும் எடுத்துக்கொண்டு, இவை பற்றிய எண்ணங்களில் எது பழுதுற்றது என ஒவ்வொன்றாக ஆராய்வர்.

ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலு நகரில் எட்வேட் கியூபனி என்னும் உளவியலாளர், துணைவனின் வன்முறையிலிருந்து விலகி வந்த பெண்களுக்கென்றே ஒரு சிகிச்சையை அமைத்தார். தமிழாசிரியன் எவனும் அதனை விரும்பிக் கற்பான்; அஃது அவ்வளவிற்கு மொழியைப் பற்றியது. பெண்கள் தம் பேச்சில் வரும் சில தொடர்களை எண்ணிக் குறிக்கவேண்டும். "நான் அப்படிச் செய்திருக்க வேண்டும்", "செய்திருக்கலாம்", "நான் ஏன் செய்தேன்" என்பன ஒருவகை. தன்னை முழுவதுமாக இகழ்ந்துரைக்கும் சொற்கள் மற்றொரு வகை. காரணமின்றி மன்னிப்புக் கேட்டல் பிறிதொரு வகை. குறிக்கத் தொடங்கிய அளவிலேயே அவற்றின் மிகுதி அவர்களுக்குத் திகைப்பூட்டும். முடிவை அறிந்தபின் இருந்து நோக்கி, முன்னமே அறிந்திருந்ததாகத் தம்மைக் குற்றஞ்சாட்டும் மயக்கத்தைக் கியூபனி எடுத்துக்காட்டினார். இன்று அறிந்ததை அன்று அறிந்ததாக எண்ணுதலும் காலவழுவே. 125 பெண்களைக் கொண்டு நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சையை நிறைவுசெய்தவருள் நூற்றுக்கு 87 பேருக்கு இந்நோய் நீங்கியிருந்தது.

காப்பு முதலாவது

சிகிச்சை என்பது கூறச்செய்தல் என்றால், எவரையும் பிடித்திருத்திக் கூறச்செய்யலாம் என்று கருதற்க. ஜூடித் ஹேர்மன் என்னும் உளமருத்துவர் 1992இல் எழுதிய நூலில், தேறுதலை மூன்று படிகளாக வகுத்தார். முதலாவது காப்பு, இரண்டாவது நினைந்து துயருறல், மூன்றாவது மீண்டும் உலகோடு இணைதல். காப்பு இல்லாதவிடத்து மற்றிரண்டும் இல்லை. அடிப்பவன் இன்னும் வாயிலில் நிற்கும்போது அச்சத்தைத் தணித்தல் மடமையாகும். அவ்வச்சம் அவளைக் காக்கும் காவலன். கியூபனியும் வன்முறை நின்று ஒரு மாதமேனும் கழிந்த பெண்களையே தம் சிகிச்சைக்கு ஏற்றார். ஒருவனை விட்டு விலகும் காலமே அவனால் மிகுந்த தீங்கு நேரத்தக்க காலம் என்பதையும் பெற்றோர் அறிந்திருத்தல் நன்று.

கொடுமை நிகழ்ந்த உடனே ஒரேயொரு முறை அமர்த்தி அனைத்தையும் கூறவைக்கும் வழக்கம் முன்னர் இருந்தது. அதனாற் பயனில்லை எனக் கண்டு, அதனை விலக்குமாறு உலக சுகாதார நிறுவனம் 2013இல் அறிவுறுத்தியது. கூறுதற்குரிய காலத்தையும் அளவையும் கேட்போன் வரையறுத்தலாகாது, கூறுபவளே வரையறுக்கவேண்டும்.

இவையனைத்தும் செல்வ நாட்டார்க்கே உரியன என எண்ணுவாரும் உளர். கொங்கோ நாட்டின் கிழக்கிலே, பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம், ரெசிக்கின் முறையைக் குழுவாகக் கையாண்ட ஆய்வொன்று 2013இல் வெளியாயிற்று. அவர்களுக்கு நேர்ந்தது போர்ச்சூழற் கொடுமை. ஆயினும் காயத்தின் இயல்பு ஒன்றே. பெண்களுட் பலர் எழுத்தறியாதவர். ஆதலின் எழுத்துவேலைகள் மனப்பாடமாக்கத்தக்க எளிய பயிற்சிகளாக மாற்றப்பட்டன. சிகிச்சை அளித்தவர்கள் பட்டம்பெற்ற மருத்துவரல்லர். பள்ளிப்படிப்போடு தக்க பயிற்சியும் மேற்பார்வையும் பெற்ற உள்ளூர்ப் பெண்கள். ஆறு மாதங் கழிந்தபின், தனித்தனி ஆதரவு மாத்திரம் பெற்றோருள் நூற்றுக்கு 42 பேர் மனச்சோர்வோ பதகளிப்போ உடையராய் இருந்தனர். குழுச்சிகிச்சை பெற்றோருள் அவ்வாறிருந்தோர் நூற்றுக்கு 9 பேர். எழுத்தறியாமையும் வறுமையும் இச்சிகிச்சைக்குத் தடையாகா என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

வினாவழு

ஒற்றை விரலைக் காட்டி, இது சிறிதோ பெரிதோ என வினாவுதலை வினாவழுவிற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவோம். ஒப்பிடுதற்கு மற்றொன்று இல்லாதவிடத்து அவ்வினாவிற்கு விடையில்லை. எந்த விடை கூறினும் கூறுபவனைச் சிக்கவைப்பது வழுவுடைய வினா. "நீர் ஏன் அங்கே போனீர்?" என்பதும் அத்தகையதே. அதற்கு என்ன விடை கூறினும், விடை கூறுபவள் குற்றவாளியாகின்றாள்.

உலக சுகாதார நிறுவனம் 2014இல் சுகாதாரப் பணியாளர்க்கென வெளியிட்ட கைந்நூல், "ஏன்" என்று தொடங்கும் வினாக்களைத் தவிர்க்குமாறு கூறுகின்றது. அவை குற்றஞ்சாட்டும் தொனியுடையன என்பதே காரணம். மாறாக, ஐந்து செயல்களை அந்நூல் விதிக்கின்றது: செவிகொடுத்துக் கேட்டல், அவள் தேவையை வினாவுதல், அவள் கூறுவதை நம்புவதாக உணர்த்துதல், அவளுடைய பாதுகாப்பைப் பெருக்குதல், மேல் உதவிக்கு வழிகாட்டுதல். மருத்துவம் கல்லாத ஆசிரியனும் தாயும் தமையனும் இவ்வைந்தையும் செய்தல் இயலும்.

இவ்வகையில் நம் அகத்திணை மரபு நமக்குக் கற்பிப்பது ஒன்றுண்டு. தலைவி தன் உள்ளத்தை முதலிற் கூறுவது தோழிக்கு. தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் ஏற்ற வகையில் அறிவிப்பர். அறத்தொடு நிற்றல் என்று அதற்குப் பெயர். உண்மை பேசும் அச்செயலை நம்மவர் அறத்தின் பக்கம் நிற்றலாகவே கருதினர். அதே மரபில் ஊரார் தூற்றும் அலரும், பெண்ணை வீட்டில் அடைக்கும் இற்செறிப்பும் உள. துயருற்ற பெண் வாய்திறக்கும்போது நாம் பெரும்பாலும் அலரையும் இற்செறிப்பையுமே பரிசாக அளிக்கின்றோம். படிப்பை நிறுத்துவோம், தொலைபேசியைப் பறிப்போம், சில வீடுகளில், மானங் காத்தற்பொருட்டு, அடித்தவனுக்கே அவளை மணஞ்செய்து கொடுப்பதும் உண்டு. இவற்றை முன்னறிந்தே அவள் மௌனம் காக்கின்றாள்.

இன்று நம் நாட்டின் அரசினர் வைத்தியசாலைகள் பலவற்றில், வன்முறைக்கு ஆளானோர்க்கென "நட்பு நிலையம்" என்னும் பெயரோடு நிலையங்கள் இயங்குகின்றன. தோழியின் பணியைச் செய்யுமிடத்திற்கு நல்ல பெயரையே இட்டனர். பெண்களுக்கான உதவிக்கு 1938 என்னும் தொலைபேசி எண்ணும், உளநல உதவிக்கு 1926 என்னும் எண்ணும் உள. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் கணவன், முன்னாட் கணவன், உடன்வாழ்வோன், உறவினர் ஆகியோரை நோக்கியே இயற்றப்பட்டது. மணத்திற்கு முன் பழகும் காதலனை அச்சட்டம் இயற்றியோர் பெயர்சுட்டவில்லை. எனினும் அடித்தலும் வலிதலும் நாட்டின் குற்றவியற் சட்டப்படி காதலன் செய்யினும் குற்றமே.

மீண்டும் அதே விறாந்தை

சென்ற தைப்பொங்கலுக்கு அவள் வந்திருந்தாள். கணவனும் ஒரு குழந்தையும் உடன் வந்தனர். குழந்தை முற்றத்திற் கோழியைத் துரத்திக்கொண்டிருக்க, இங்கு எழுதியவற்றுள் அவளைப் பற்றியன யாவற்றையும் எனக்குக் கூறினாள். முற்றும் மறந்துவிட்டேன் என்று அவள் கூறவில்லை. நினைவு வரும், ஆனால் வந்த வழியே போய்விடும் என்றாள். இறுதிச் சந்திப்பில் அதே கட்டுரையை அவளை மீண்டும் எழுதச் செய்தனராம். "நான் அவனை நம்பினேன். அவன் அடித்தான். நான் வேண்டாம் என்றேன். அவன் கேட்கவில்லை." ஒவ்வொரு வினையும் தனக்குரிய எழுவாயோடு நின்றது. இடமும் காலமும் திருந்தியிருந்தன.

அன்று யான் கேட்ட வினாவை நினைவூட்டி, அது பிழை என்றேன். சிறிது நேரம் பேசாதிருந்தாள். பின்னர், "ஐயாவின்ரை கேள்வியிலையும் எழுவாய் 'நீர்' எண்டுதான் இருந்தது" என்றாள்.

முப்பதாண்டுகள் எழுவாயும் பயனிலையும் கற்பித்தவனுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை. மன்னித்தாயோ என அவளை யான் வினாவவில்லை. அதுவும் அவள்மீது ஒரு சுமையை ஏற்றும் வினாவாகிவிடும் என அஞ்சினேன். ஏழாண்டு உறக்கத்தை அவளிடமிருந்து பறித்தவன் அவன். அதனை நீட்டியதில் என் வினாவிற்கும் பங்குண்டு.

இதனை வாசிக்கும் ஆசிரியர்களும் பெற்றோரும் தம் வீட்டு விறாந்தையையும் ஒருமுறை எண்ணிப்பார்ப்பாராக. ஒரு பிள்ளை வந்து, ஒரு வாக்கியத்தைத் தொடங்கிப் பாதியில் நிறுத்தக்கூடும். அவ்வாக்கியத்தை முடித்தற்கு அவளுக்கு எத்தனை ஆண்டுகள் வேண்டுமோ அறியோம். நாம் செய்யத்தக்கது, இடையிற் புகுந்து வினாவாது காத்திருத்தல், பின்னர், "சொன்னது நல்லது பிள்ளை, நான் நம்புறன், இப்ப உமக்கு என்ன வேணும்?" என்று கேட்டல். வழுவற்ற வினா அஃதொன்றே.